மர்ம காய்ச்சலா? முதல் 10 நோயாளிகளை விசாரித்தால் மர்மம் உடையும்

பாளையம்பட்டி,-

ரெண்டு நாள் மழை அடிச்சு ஓய்ந்தால் போதும். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி பக்கத்து டீக்கடை பெஞ்சுகளில் அடுத்த வாரம் ஓடும் பேச்சு ஒன்றுதான். "அந்தத் தெருவுல நாலு பேருக்குக் காய்ச்சலாம்". பத்து நாள் கழித்து அதுவே "ஊரே படுத்துக் கிடக்கு" என்று ஆகிவிடும். அதற்கு வைக்கப்படும் பெயர் "மர்ம காய்ச்சல்".

மர்மம் என்று பெயர் வைத்துவிட்டால் வேலை சுலபம். யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. புகை மருந்து அடிப்பார்கள், பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள், நிலவேம்பு கசாயம் கொடுப்பார்கள். காய்ச்சல் தானாக அடங்கினால் சரி. அடங்காவிட்டால்?

உண்மையில் எந்தக் காய்ச்சலும் மர்மமாக வருவதில்லை. முதலில் படுத்த பத்துப் பேரை உட்கார வைத்து, எப்போ வந்தது, எங்கே போனீங்க, என்ன குடிச்சீங்க, யார் பக்கத்துல இருந்தீங்க என்று பொறுமையாகக் கேட்டால் பாதி மர்மம் அங்கேயே உடைந்துவிடும். அப்படிக் கேட்காமல் விட்டதால் உயிர்கள் போன கதையும், கேட்டதால் ஒரு மாவட்டமே தப்பித்த கதையும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

கொசுவை அடித்தார்கள், நோய் நிற்கவில்லை

1998-ம் ஆண்டு கடைசியில் மலேசியாவில் பன்றிப் பண்ணைகள் இருந்த ஊர்களில் மூளைக் காய்ச்சல் பரவியது. இது கொசு மூலம் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல்தான் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். ஊர் ஊராகக் கொசு மருந்து அடித்தார்கள். தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் சாவு நிற்கவில்லை.

முதலில் படுத்தவர்களைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். ஆனால் இங்கே படுத்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆம்பளைகள், பன்றிப் பண்ணையில் கை வைத்து வேலை பார்த்தவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசு என்றால் வீட்டில் உள்ள பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு கடிக்குமா?

1999-ம் ஆண்டு மார்ச் மாதம் டாக்டர் சுவா காவ் பிங் என்ற ஆராய்ச்சியாளர், இது இதுவரை உலகம் பார்க்காத புது வைரஸ் என்று கண்டுபிடித்தார். நோயாளி இருந்த சுங்கை நிபா என்ற ஊரின் பெயரால்தான் அது "நிபா" ஆனது. அதன் பிறகுதான் பன்றிகளை அழித்தார்கள், நோய் அடங்கியது. அதற்குள் 100 பேருக்கு மேல் பலியாகிவிட்டனர். கொசுவை அடித்துக்கொண்டிருந்த மாதங்கள் வீணாகப் போன மாதங்கள்.

எதை அடிக்க வேண்டும் என்று தெரியாமல் மருந்து அடித்தால் காசும் போகும், உயிரும் போகும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

கோழிக்கோட்டில் நடந்தது என்ன?

அதே நிபா 2018-ம் ஆண்டு மே மாதம் கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் தலைகாட்டியது. முதலில் காய்ச்சலில் விழுந்தவர் ஒரு வாலிபர். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மே 5-ந் தேதி அவர் இறந்துபோனார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலில் ஒருத்தர் இறந்தார், அவ்வளவுதான்.

மே 17-ந் தேதி அவருடைய அண்ணன் அதே அறிகுறிகளுடன் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே இருந்த டாக்டர்கள்தான் சரியான கேள்வியைக் கேட்டார்கள். "வீட்டில் வேற யாருக்காவது இப்படி வந்ததா?" தம்பி இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மாதிரி இறந்தான், சொந்தக்காரர்களுக்கும் காய்ச்சல் என்ற தகவல் வெளியே வந்தது. ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூளைக் காய்ச்சல் என்றால் அது சாதாரணம் இல்லை என்று உஷாரானார்கள். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்து மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனமும் நிபா என்று உறுதி செய்தது.

அதோடு விடவில்லை. சுகாதாரத் துறையும் ஆராய்ச்சியாளர்களும் பின்னோக்கிப் போய் ஒவ்வொரு நோயாளியையும் விசாரித்தார்கள். யார் எந்தத் தேதியில் எந்த வார்டில் இருந்தார், எந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் என்று பட்டியல் போட்டார்கள். அப்போது ஒரு அதிர்ச்சித் தகவல் கிடைத்தது. முதல் ஆளைத் தவிர மற்ற எல்லாருக்கும் நோய் வந்தது இன்னொரு நோயாளியிடம் இருந்துதான். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தொற்றியிருக்கிறது. ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த வராந்தாவில், பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்தபோது, நோயாளியைக் கவனித்தபோது.

முதல் நோயாளியைக் கவனித்த பேராம்பிரா நர்சு லினியும் மே 21-ந் தேதி பலியானார். மொத்தம் 23 பேருக்கு நோய், அதில் 21 பேர் சாவு என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். பிழைத்தது இரண்டே பேர்.

அந்த நேரத்தில் ஊரில் என்ன பேச்சு ஓடியது தெரியுமா? வௌவால் கடித்த பழத்தில் வருது, மாம்பழம் வாங்காதே, வாழைப்பழம் தொடாதே என்று. பழக்கடைக்காரர்கள் பிழைப்பு நாசமானது. வைரஸ் வந்தது பழந்தின்னி வௌவாலிடம் இருந்துதான். ஆனால் ஊருக்குள் பரப்பியது பழக்கடை இல்லை. காத்திருந்த நோயாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் முகமூடி, கையுறை, தனி வார்டு இல்லாததுதான். பட்டியல் போட்டுப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. தனி வார்டு போட்டு, தொடர்பில் இருந்த 2 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கண்காணித்தார்கள். நோய் அடங்கியது.

அடுத்த வருஷமே, 2019-ம் ஆண்டு ஜூன் மாதம், எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கு நிபா வந்தது. இந்தத் தடவை முதல் ஆளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 300-க்கும் மேற்பட்டோரைக் கண்காணித்தார்கள். ஒருத்தருக்குக்கூட தொற்றவில்லை. அந்த மாணவரும் பிழைத்துவிட்டார்.

எல்லா நோயாளியும் ஒரே அளவுக்குப் பரப்புவதில்லை என்பதால் இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனாலும் முதல் ஆளைத் தவறவிட்ட வருஷத்தில் 21 சாவு, முதல் ஆளைப் பிடித்த வருஷத்தில் ஒரு சாவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2023-ம் ஆண்டு மறுபடியும் கோழிக்கோடு. ஆகஸ்டு 30-ந் தேதி இறந்த ஒருவர்தான் முதல் நோயாளி என்பது, அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்து, இன்னொருவரும் இறந்த பிறகு செப்டம்பர் மாதம்தான் தெரிந்தது. அப்போதும் துப்புக் கொடுத்தது "ஒரே வீட்டில் அடுத்தடுத்து" என்ற விஷயம்தான்.

குழாயைக் கழற்றிய கதை

இந்த விசாரணை முறை இன்று நேற்று வந்தது இல்லை. 1854-ம் ஆண்டு லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா வந்து 600 பேருக்கு மேல் செத்தார்கள். கெட்ட காற்றில் வருது என்று எல்லாரும் சொன்னார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும் செத்தவர்களின் வீடு வீடாகப் போய் தண்ணீர் எங்கே பிடிச்சீங்க என்று கேட்டார். பெரும்பாலோர் சொன்னது ஒரே அடி பம்பு.

அதே தெருவில் இருந்த சாராய ஆலைத் தொழிலாளிகள் மட்டும் சாகவில்லை. அவர்கள் ஆலையில் கொடுத்த பீரைக் குடித்தார்களே ஒழிய அந்தப் பம்புத் தண்ணீரைத் தொடவில்லை. செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

அதற்குள் நோய் இறங்க ஆரம்பித்திருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தெருவில் பாதிரியாராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் விடாமல் விசாரித்து, எல்லாருக்கும் முன்னால் நோய்ப்பட்டது ஒரு கைக்குழந்தை என்று கண்டுபிடித்தார். அந்தக் குழந்தையின் துணி அலசிய தண்ணீரை ஊற்றிய கழிவுக்குழி, பம்புக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே கசிந்துகொண்டிருந்தது. முதல் ஆள் கிடைத்ததும் வழியும் கிடைத்தது.

170 வருஷம் முந்திய பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் நம் காரைக்காலில் காலரா வந்து, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசர நிலையே அறிவித்தது.

என்னதான் கேட்பார்கள்?

சுகாதார ஆய்வாளர் நோட்டோடு வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டால் நமக்கு எரிச்சல் வரும். "மாத்திரையைக் கொடுத்துட்டுப் போகாம என்னய்யா விசாரணை?" என்று கேட்போம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

காய்ச்சல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது? இதுதான் முக்கியம். ஆஸ்பத்திரிக்குப் போன தேதி இல்லை, உடம்பு சுட ஆரம்பித்த தேதி. எல்லாரும் ஒரே ரெண்டு நாளில் படுத்திருந்தால் ஒரே சாப்பாடு அல்லது ஒரே தண்ணீர் மேல் சந்தேகம் வரும். கோவில் கொடை, கல்யாண வீடு, மேல்நிலைத் தொட்டி என்று தேடலாம். வாரக்கணக்கில் ஒவ்வொருத்தராக விழுந்தால் அது ஆளிடம் இருந்து ஆளுக்கு, அல்லது கொசு மூலம் என்று அர்த்தம்.

வீடு எங்கே? டெங்குக் கொசு ரொம்ப தூரம் பறக்காது. தான் பிறந்த தொட்டியில் இருந்து சில நூறு அடி, மிஞ்சிப் போனால் சில நூறு மீட்டர்தான். நோயாளிகளின் வீடுகள் ஒரே தெருவில் இருந்தால் கொசுத்தொட்டியும் அந்தத் தெருவில்தான். ஒரே குழாய் லைனில் இருந்தால் குழாயில் எங்கோ சாக்கடை கலக்கிறது.

வெளியூர் போனீங்களா, வெளியூர்ல இருந்து யாராவது வந்தாங்களா? 2020-ம் ஆண்டு சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா பரவியபோது இந்த ஒரு கேள்விதான் பல மாவட்டங்களுக்குக் கை கொடுத்தது. மே 5-ந் தேதி மார்க்கெட்டை மூடியதும் மூட்டை தூக்குபவர்களும், லாரிக்காரர்களும், வியாபாரிகளும் சொந்த ஊர் திரும்பினார்கள். அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் திடீரென எண்ணிக்கை ஏறியது. "கோயம்பேட்டில் இருந்து வந்தீங்களா?" என்று கேட்டுத்தான் அவர்களைப் பிரித்து எடுத்தார்கள்.

என்ன வேலை பார்க்கிறீங்க? மலேசியாவில் துப்புக் கொடுத்தது இந்தக் கேள்விதான்.

இந்த நாலு கேள்விக்கும் பதில் வந்தால் ஒரு பக்கப் பட்டியல் தயார். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் புகை அடிப்பதா, குழாயை மூடுவதா, தனி வார்டு போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஆய்வக முடிவு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தண்ணீர் மேல் சந்தேகம் என்றால் அன்றைக்கே குளோரின் போடலாம், காய்ச்சிக் குடிக்கச் சொல்லலாம்.

நம்ம ஊர் நிலவரம்

பாளையம்பட்டி, திருச்சுழி பக்கம் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. குடிநீர் தினமும் வராது. வந்த அன்றைக்கு டிரம்மிலும், குடத்திலும், சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. இது யாருடைய குற்றமும் இல்லை, நம் வாழ்க்கை. ஆனால் டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். சாக்கடை அதற்குப் பிடிக்காது. பகலில்தான் கடிக்கும்.

இன்னொரு விஷயம். இந்தக் கொசுவின் முட்டை காய்ந்த தொட்டியில் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வறண்ட ஊரில் டெங்கு வராது என்று நினைப்பது தப்பு. வறண்ட ஊரில்தான் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறோம்.

2006-ம் ஆண்டு சிக்குன்குனியா வந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். நாட்டில் 30 வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்த நோய் அது. இந்தியா முழுக்க சுமார் 14 லட்சம் பேருக்கு வந்ததாகச் சந்தேகம். பெயரில் "சிக்கன்" என்று கேட்டதால் கோழிக்கறியில் வருது என்று புரளி கிளம்பியது. உண்மையில் அது ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டு மகோண்டே மக்களின் சொல். மூட்டுவலியில் உடம்பு வளைந்து போவது என்று பொருள். 1952-ம் ஆண்டு அங்கே முதலில் படுத்தவர்களைக் கேட்டபோது அவர்களே சொன்ன பெயர். கோழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காரணம் தெரியாத இடத்தில் புரளிதான் முதலில் ஓடும்.

2012-ம் ஆண்டு நெல்லை மாவட்டத்தை டெங்கு ஆட்டிப் படைத்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் டெங்குவில் இறந்தவர்கள் 66 பேர் என்பது அரசுக் கணக்கு.

டெங்குவில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொசு கடித்த பலருக்கு அறிகுறியே தெரியாது. அதனால் உண்மையான முதல் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். பரவாயில்லை. ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பது நோக்கம் இல்லை. முதல் அஞ்சு, பத்துப் பேரின் வீடு எந்தத் தெருவில் என்று தெரிந்தாலே போதும். அந்தத் தெருத் தொட்டிகளை அந்த வாரமே கழுவினால் அடுத்த தெருவுக்குப் போகாது.

ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க?

கேள்வி கேட்டால் மட்டும் போதுமா? பதில் சொல்ல ஆள் வேண்டும். இங்கேதான் சிக்கல்.

தறி ஓட்டுபவருக்கும், மில்லுக்குப் போகிறவருக்கும், கட்டிட வேலைக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, முடிவு வாங்கி வர அரை நாள் போய்விடும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காய்ச்சல் எந்த நோட்டிலும் ஏறாது. அரசாங்கக் கணக்கில் அந்தத் தெருவில் காய்ச்சலே இல்லை. முதல் பத்துப் பேரில் ஏழு பேர் இப்படித் தப்பினால், விசாரணை ஆரம்பிப்பதற்குள் நோய் நாலு தெரு தாண்டிவிடும்.

இன்னொன்று அவமானம். 2020-ம் ஆண்டு கொரோனா வந்த வீட்டில் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வீட்டுக்காரரிடம் பால் வாங்கக்கூட பயந்தார்கள். அந்த ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிசின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது நாட்டையே உலுக்கியது. டாக்டருக்கே அந்தக் கதி என்றால் கூலித் தொழிலாளி எந்த தைரியத்தில் "எனக்குத்தான் முதலில் வந்தது" என்று சொல்வார்?

முதல் நோயாளி குற்றவாளி இல்லை. அவரும் யாரிடமோ, எதிலிருந்தோ வாங்கியவர்தான். அவர் வாயைத் திறந்தால்தான் மற்றவர்கள் தப்பிக்க முடியும். "அவன்தான் ஊருக்குக் கொண்டாந்தான்" என்று பேசுகிற வாய்தான் அடுத்த நோயாளியின் வாயை அடைக்கிறது.

அரசு என்ன செய்யணும்?

பொது சுகாதாரத்துக்கு 1939-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோய்களைக் கண்டால் டாக்டர்கள் தகவல் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தனியார் கிளினிக்குகளும் ரத்தப் பரிசோதனை நிலையங்களும் அன்றன்றைக்கே தகவல் கொடுக்கிறார்களா என்று கண்காணிக்க வேண்டும். விருதுநகரில் 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ரத்த முடிவுக்காக மதுரைக்கே ஓட வேண்டிய காலம் போய்விட்டது.

வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து பார்க்கும் டி.பி.சி. பணியாளர்களும் நம்மைப் போல தினக்கூலிகள்தான். எந்தத் தெருவில் முதல் காய்ச்சல் என்பது அதிகாரிக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் வேண்டும். கூலி பாக்கி இல்லாமல் கொடுக்க வேண்டும்.

நோயாளி பெயரை வெளியே விடக்கூடாது. பரிசோதனைக்கு வருகிற கூலித் தொழிலாளிக்கு காலையில் சீக்கிரம் பார்த்து அனுப்புகிற ஏற்பாடு வேண்டும். பரிசோதனை முடிவை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்றால் அடுத்த தடவை யார் கை நீட்டுவார்கள்?

நாம் என்ன செய்யணும்?

* காய்ச்சல் ஆரம்பித்த தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். எந்தப் பரிசோதனை எடுப்பது என்பதே அதைப் பொறுத்ததுதான். டெங்குவுக்கு முதல் 5 நாளில் ஒரு பரிசோதனை, அதற்குப் பிறகு வேறு பரிசோதனை.

* ஒரே வீட்டில் அல்லது ஒரே தெருவில் ரெண்டு, மூணு பேருக்கு அடுத்தடுத்து காய்ச்சல், பேதி வந்தால் கிராம சுகாதார நர்சிடம் உடனே சொல்லுங்கள். 104 எண்ணுக்கும் போன் செய்யலாம்.

* காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, தொடர் வாந்தி, பல் ஈறில் ரத்தம், மயக்கம் இருந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரமே காய்ச்சல் இறங்கும்போதுதான்.

* டிரம், தொட்டியை வாரம் ஒருநாள் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, இறுக்கி மூடி வையுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் ஒட்டியிருக்கும் முட்டை போகாது.

* சுகாதார ஆய்வாளர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த விசேஷ வீட்டில் சாப்பிட்டோம், எந்த ஊருக்கு வேலைக்குப் போனோம் என்பதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அடுத்த மழைக்கும் காய்ச்சல் வரத்தான் செய்யும். அது நாலு பேரோடு நிற்குமா, நாலு தெரு தாண்டுமா என்பது முதல் வாரத்தில், முதல் நாலு பேர் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் நேரத்தோடு வந்து கேட்கணும். சொல்ல வேண்டியவர்கள் பயப்படாமல் சொல்லணும்.